பாச்சி வைத்த முட்டைக்கோஸ்

மாவு புளிப்பதைப் பற்றி என்னிடம் கேட்கலாம். கோவில்பட்டியில் பத்து வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சித்திரை வெயிலில் எத்தனை மணி நேரம், மார்கழியில் எத்தனை மணி நேரம், மழை மூட்டம் போட்ட அன்று உப்பு எவ்வளவு, எல்லாம் கைக்குத் தெரியும். வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. மூடியைத் திறந்தால் வாசனை சொல்லிவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் வந்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்ட என்னிடம் என் வீட்டுக்காரர் மூன்று வருடம் இன்னொருத்தியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதுவும் முட்டைக்கோஸுக்கு.

அவர் இங்கே தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் மெக்கானிக்காக இருந்தார். ஹங்கேரியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று வருட ஒப்பந்தத்தில் போனார். மகளை மதுரையில் நர்சிங் ஹாஸ்டலில் விட்டாயிற்று. வீட்டில் நானும் கிரைண்டரும்தான். முதல் மூன்று மாதம் போனில் பேசினால் சாப்பாட்டுப் புலம்பல்தான். ரொட்டி காய்ந்துபோய் இருக்கிறது, உருளைக்கிழங்கில் உப்பு இல்லை, ரசம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது என்பார். எனக்கு அது கேட்கப் பாவமாகவும் இருக்கும், கொஞ்சம் திருப்தியாகவும் இருக்கும்.

நாலாவது மாதம் புலம்பல் நின்றுவிட்டது.

"இன்னைக்கு பாச்சி கோஸ் வச்சிக் குடுத்தாவ. கோஸ் எலையில கொத்துக்கறியச் சுருட்டி, நல்லா புளிப்பா. ரெண்டு தட்டு சாப்பிட்டேன்" என்றார்.

"யாரு பாச்சி?"

"கீழ் வீட்டுல இருக்காவ. பாவம், தனியாத்தான் இருக்காவ. ரொம்ப நல்ல மனசு."

அந்தத் 'தனியாத்தான்' எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆச்சி, தங்கச்சி, மீனாச்சி வரிசையில் பாச்சி என்று ஒரு வெள்ளைக்காரி. அவளுக்கு ஒரு நல்ல மனசு, ஒரு கீழ் வீடு, ஒரு அடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வைத்த சாம்பார் கொஞ்சம் நீர்த்திருந்தால்கூட முகத்தைச் சுளிக்கும் என் வீட்டுக்காரரை முட்டைக்கோஸ் தின்ன வைக்கும் சாமர்த்தியம்.

நான் வாயில்லாதவள் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் நாலு பேர் கேட்கக் கேட்பேன். மகளின் ஹாஸ்டல் வார்டன் என் நம்பரைப் பார்த்தாலே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனை எடுப்பார். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை. பயம்தான், வேறு என்ன. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை பாச்சி வந்துவிடும். பாச்சி நூடுல்ஸ் மாதிரி ஒன்றில் கோஸைச் சிவக்க வதக்கிப் போட்டாவ, சீனியும் மிளகும் தூவினாவ. பாச்சி கறிக்குழம்பிலேயே புளிச்ச கோஸைப் போட்டாவ. நான் "ம்" கொட்டுவேன்.

ஒருமுறை போட்டோ அனுப்பினார். தட்டில் சுருட்டிய கோஸ், மேலே வெள்ளையாகப் பாலாடை மாதிரி ஏதோ. நான் கோஸைப் பார்க்கவில்லை. தட்டுக்குக் கீழே விரித்திருந்த துணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் சிவப்பு நூலில் பூ. கடையில் வாங்கியது இல்லை, கைத்தையல். பொம்பளை கை. அன்றைக்கு அரைத்த மாவில் உப்பு போட மறந்து, வாடிக்கையாக வாங்கும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று கேட்டாவ. பத்து வருடத்தில் அது ஒரு தடவைதான்.

ஒப்பந்தம் முடிந்து ஆடியில் ஊர் வந்து சேர்ந்தார். பெட்டியில் எனக்கு ஒரு சால்வை, மகளுக்கு ஒரு பை. அடியில் சிவப்பு மிளகாய்ப் பொடி பாக்கெட் ஒன்று, சோம்பு மாதிரி வளைந்த ஏதோ ஒரு விதை, நாலாக மடித்த ஒரு தாள். "கோஸ் வைக்கிற வெவரம். பாச்சி எழுதிக் குடுத்தாவ" என்றார். குண்டு குண்டான எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை என்றாலும் நாலு தடவை பார்த்தேன்.

இரண்டாவது வாரமே ஆரம்பித்துவிட்டார். முதலில் கோஸைப் புளிக்க வைக்க வேண்டுமாம். முழுக் கோஸின் தண்டைக் கடைந்தெடுத்து, அந்தக் குழியில் உப்பு நிரப்பி, டிரம்மில் உப்புத் தண்ணீர் விட்டு அதில் முக்கி, மேலே கனம் வைத்து நாலு வாரம். தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். அவர்கள் ஊரில் குளிர் அறையில் நாலு வாரம். கோவில்பட்டியில், ஆடி மாதத்தில், நாலு வாரம். எனக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்த அற்பத்தனத்தை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இருபதாம் நாள், "எலி கிலி செத்துக் கெடக்கா, பாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனாவ. அவர் டிரம்மைத் திறந்தார். மூடியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் வந்ததிலிருந்து அவர் எதையோ தேடிக்கொண்டே இருந்தது போல எனக்குப் பட்டிருந்தது. அது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"பாச்சி கைக்கு வந்தது எனக்கு வரல ட்டி" என்றார்.

அப்போதுதான் முடிவு செய்தேன். ஒருத்தி என் வீட்டுக்காரர் நாக்கை ஒரு கோஸால் பிடித்து வைத்திருக்கிறாள் என்றால், அதே கோஸால் நான் அதைத் திருப்பி வாங்குவேன். அதுவும் புளிப்பு விஷயத்தில் ஒரு மாவுக்காரி தோற்றுப்போவதா?

ஒட்டன்சத்திரத்துக் கோஸ் நல்லதாக வர ஆரம்பித்ததும் மூன்று முழுக் கோஸ் வாங்கினேன். குழவிக்கல்லைக் கழுவி மேலே வைத்தேன். முதல் தடவை உப்பு பத்தாமல் கொழகொழத்துப்போனது. இரண்டாம் தடவை விடவில்லை. ஈரமணலில் பானையை இருத்தி, காலையும் மாலையும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். இரண்டாம் நாள் நுரை கட்டியது. நாலாம் நாள் பச்சை வாடை போனது. ஆறாம் நாள் காலை திறந்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. எடுத்துவிட்டேன். அவர்களுக்கு நாலு வாரம், எங்கள் வெயிலுக்கு ஆறு நாள்.

அவர் கொண்டு வந்த பொடியை முட்டையிலும் உருளைக்கிழங்கிலும் தூவியே தீர்த்திருந்தார். அதில் நிறம் மட்டும்தான் இருந்தது, உறைப்பே இல்லை. குளத்தூரிலிருந்து மிளகாய் வத்தல் கொண்டு வந்து விற்கிறவரிடம் தடித்த வத்தலாகப் பொறுக்கி வாங்கி, விதையையும் நரம்பையும் எடுத்துவிட்டு, காயவைத்து இடித்தேன். நிறம் அவர்களுடையது, உறைப்பு கொஞ்சம் எங்களுடையது. தாளில் பன்றிக்கறி என்று இருந்ததாம். அது என் பாத்திரத்தில் ஏறாது, ஆட்டுக்கறியைக் கொத்தி வாங்கினேன். வெங்காயம், பூண்டு, மிளகு, ஒரு முட்டை. அரிசி போட்டால் குழைகிறது என்று குதிரைவாலி போட்டேன்.

"பாச்சி அரிசிதான் போடுவாவ" என்றார், வாசலில் நின்றுகொண்டு.

"பாச்சி வீட்டுல பாச்சி வைக்கட்டும். இது என் வீடு."

புளித்த இலையில் ஒரு கைப்பிடி கறி, இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டல். சட்டியின் அடியில் நறுக்கிய புளிச்ச கோஸ், மேலே சுருள்களை நெருக்கி அடுக்கி, தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். கரண்டி போடக்கூடாது, சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று தாளில் இருந்ததாம். குலுக்கினேன். இறக்கிய பிறகு கெட்டித் தயிரைப் பாலாடையோடு அடித்து மேலே ஊற்றினேன்.

அவர் சாப்பிட்டார். நான் எதிரில் நின்றேன். முதல் சுருளை மென்றுகொண்டே கண்ணை மூடினார். நாலாவது சுருள் முடிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அப்படியே பாச்சி வச்ச மாதிரியே இருக்கு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. 'மாதிரியே'வாம். அன்றைக்கு நான் மோர்ச்சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். அந்தக் கோஸை நான் தொடவே இல்லை. அடுத்தடுத்து மூன்று தடவை வைத்தேன், அந்த மூன்று தடவையும் தொடவில்லை. அவள் ருசி என் வாய்க்குள் வரவேண்டாம் என்று இருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு இந்தக் கோஸ்தானாம். ஒரு நாள் நானே சொன்னேன்: "ஞாயித்துக்கெழம பாச்சிய வீடியோவுல கூப்பிடுங்க. நான் பேசணும்."

மனிதருக்கு ஒரே சந்தோசம். "அவியளும் ஒன்னப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காவ ட்டி" என்றார்.

பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கோஸை வைத்தேன். இறக்கிவிட்டு, மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டினேன். தலையில் நாலு முழம் மல்லிகை. பெரிய தோடு. நல்ல பீங்கான் தட்டில் எட்டுச் சுருள்களை அடுக்கி, போனுக்கு நேராக மேஜையில் வைத்தேன். இங்கிலீஷில் ஒரு வரியும் தயார் செய்திருந்தேன். திஸ் இஸ் மை ஹவுஸ் என்று தொடங்கி, மை ஹஸ்பண்ட் வழியாகப் போய் கோஸில் முடியும்.

மணி அடித்தது. முதலில் சிவப்புப் பூப்போட்ட அந்தத் துணி தெரிந்தது. போன் நிமிர்ந்தது. வெள்ளை மீசை வைத்த ஒரு கிழவர். தண்ணீர் தொட்டு வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. அங்கே காலை எட்டரை மணி, அதற்குள் குளித்து உடுத்தியிருந்தார். பாச்சியின் அப்பாவாக இருக்கும் என்று நினைத்து மரியாதைக்குக் கும்பிட்டேன். கொஞ்சம் காத்திருந்தேன்.

"பாச்சி எங்க? வரச் சொல்லுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"இந்தா இருக்காவல்லா."

"எங்கன?"

"இவியதான் பாச்சி."

தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கிழவர் கையை நெஞ்சில் வைத்து, "பாச்சி" என்றார்.

"அங்கன மூத்த ஆம்பளையள பாச்சின்னுதான் கூப்பிடணும். நம்ம அண்ணாச்சி மாதிரி" என்று வீட்டுக்காரர் விளக்கினார்.

அண்ணாச்சி. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நான் சொல்லும் சொல். பலசரக்குக் கடை அண்ணாச்சி, உளுந்து மண்டி அண்ணாச்சி. அதுவும் 'ச்சி'யில்தான் முடிகிறது, ஒரு நாளும் என் காதில் அது பொம்பளையாக விழுந்ததில்லை. அதோடு எங்கள் ஊர் மரியாதை வேறு. அவிய வந்தாவ, அவிய வச்சாவ என்றுவிட்டால் ஆணும் ஒன்றுதான், பெண்ணும் ஒன்றுதான். மூன்று வருடம் அவர் ஒரு பெரிய மனிதருக்குக் குறையில்லாமல் மரியாதை கொடுத்துப் பேசியிருக்கிறார். நான் அதைக் கேட்டுக் கேட்டு ஒரு பெண்ணைச் செய்து, அவளுக்குக் கண் மூக்கு வைத்து, வயிறெரிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

தயார் செய்த இங்கிலீஷ் மறந்துபோனது. கிழவர் என் தட்டையே பார்த்தார், ஒரு சுருளைப் பிட்டுக் காட்டச் சொன்னார். உள்ளே என்ன தானியம் என்று கேட்டார். குதிரைவாலியை ஒரு பிடி எடுத்துக் காட்டினேன். அவர் அம்மா காலத்தில் அரிசி போடமாட்டார்கள், இதைப் போல ஒரு சிறுதானியம்தான் போடுவார்கள் என்றார். வீட்டுக்காரர் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆறு நாளில் புளிக்க வைத்தேன் என்றதை மட்டும் கிழவர் கடைசிவரை நம்பவில்லை.

துணியில் பூப்போட்டது யார் என்று கேட்டேன். அவர் மனைவியாம். இறந்து எட்டு வருடம் ஆகிறதாம். கோஸும் அந்த அம்மா வைக்கிற முறைதானாம். ஒரு ஆளுக்காகச் சட்டி நிறைய வைக்க மனமில்லாமல் விட்டுவிட்டவர், மாடியில் என் வீட்டுக்காரர் குடிவந்த பிறகுதான் மறுபடி வைக்க ஆரம்பித்தாராம்.

"ஒனக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்காவ" என்றார் வீட்டுக்காரர்.

தலையை ஆட்டினேன். பொய்தான்.

போனை வைத்ததும் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் பின்னாலேயே வந்தார். சேலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், தோட்டைப் பார்த்தார்.

"ஏட்டி, இந்தப் பட்டுச்சேலை பாச்சிக்கா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். நான் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வருசமாவா?"

"ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா?"

அவர் குழாயை மூடினார். மேஜையிலிருந்த தட்டை எடுத்து வந்து, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சுருளைப் பிட்டு என் கையில் வைத்தார். நான் இதுவரை சாப்பிடவில்லை என்பது அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. வாயில் போட்டேன்.

புளிப்பு சரியாக இருந்தது.