விரால் குஞ்சுகளின் சனிக்கிழமை விரதம்

காரமடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் மீன் வாடை. சோமனூரில் தறி வேலையை விட்டு வந்தபோதும் இதே பைதான். வேலையை விட்டு நடப்பது எனக்குப் பழக்கம். அன்று மட்டும் கால் எழவில்லை.

விட்டு வந்தது சண்முகம் அண்ணனின் விரால் பண்ணை. ஹார்மோன் ஊசி போட்ட நாலு ஜோடியில் ஒன்றுதான் முட்டையிட்டது. அந்த ஒரு தொட்டிக் குஞ்சுதான் அந்த வருஷத்துக்கு. குளத்தில் என்றால் தாயும் தகப்பனும் காவல் காக்கும். தொட்டியில் அது எங்கள் வேலை. ஜிலேபி மீனை அரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவோம். பசித்தால் விரால் குஞ்சு பக்கத்துக் குஞ்சைத் தின்னும்.

புரட்டாசியில் மற்ற நாள் நாங்கள் மீன் அறுப்பதை அண்ணன் கண்டுகொள்ள மாட்டார். அன்று சனிக்கிழமை. காலையில் மீன் அறுக்கக் கத்தியை எடுத்தேன்.

"ஏப்பா, இன்னைக்குக் கவுச்சி வேண்டாம். நான் கோயிலுக்குப் போறேன். நாளைக்குச் சேத்திப் போட்டுக்கலாம். ஒரு நாள் விரதம் இருந்தா செத்தா போயிரும்?"

செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். "சரிங்கண்ணா" என்றேன்.

சாயங்காலம் பாதிக் குஞ்சைக் காணோம். ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் தயிர்ச்சோறு தின்ற நாளில் அவை வயிறு முட்டக் கறி தின்றிருந்தன.

"தெரிஞ்சவன் நீ சொல்லியிருக்கோணுமல்லோ?" என்றார் கோயிலிலிருந்து திரும்பிய அண்ணன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காரமடை பஸ் ஸ்டாண்டில் படுத்து, காலையில் எழுந்து டீ குடிக்கப் போனால், எதிர் மீன் கடையில் அண்ணன். நெற்றியில் நாமம், மூக்கில் துண்டு, கையில் வாளி.

"ஏனுங், புரட்டாசியில நாமத்தோட மீனா? ஊட்டுல தெரியுமுங்களா?" கடைக்கார அம்மா சிரித்தார்.

"எனக்கில்லீங் அம்மணி. கொழந்தைகளுக்கு."

அவர் பொறுக்கியதெல்லாம் கண் குழிந்த மீன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, அது பழசுங்க. குஞ்சுக்கு வயிறு ஊதிப்போகும்."

திரும்பிப் பார்த்தார். "இந்த வாயி நேத்து எங்க போச்சு?"

"பெருசு சிறுசு பிரிச்சீங்களா? மிச்சத்தையும் தின்னுபோடுமுங்க."

"எந்தச் சல்லடைன்னு உனக்குத்தான தெரியும்?"

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: 'சரிங்க' என்பதற்கு முன்னால் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். மரியாதை கெட்டுப்போகாது.

அன்று காலை நான் மறுபடி சேர்ந்ததும் விட்டு வந்த அதே வேலையில்தான். நல்ல மீனாகப் பொறுக்கி, வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து, வாளியை அவர் மேல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் புரட்டாசி விரதம் இன்னும் முடியவில்லை.