காவிரிப் பாலத்துப் புளியோதரை

மகள் வாங்கி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்ததும், சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை அடித்தது.

"டர்போ வச்சா பறக்கும்மா."

"எஞ்சின் தாங்குமா?"

சிரித்தாள். என் அப்பாவும் இப்படித்தான் சிரிப்பார். வேகத்துக்காகத் தன் பழைய காரில் பெரிய கார்புரேட்டரை மாட்டியிருந்தார். மலைக்கோட்டைக்கு அருகே எங்கள் வீடு. ஞாயிறானால் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கிளம்புவோம். அம்மா மடியில் தூக்குவாளியோடு ஏறுவாள்.

"இங்க இருக்கிற ஸ்ரீரங்கத்துக்கு எதுக்கு சோறு?" என்று அப்பா முறைப்பார்.

"உங்க எஞ்சினைக் கேளுங்க."

பாலத்தின் நடுவில் கார் ஆவி விட்டு நின்றுவிடும். ரேடியேட்டர் ஆறும்வரை காவிரிக் காற்றில் நின்று புளியோதரை சாப்பிடுவோம். கையெல்லாம் கிரீஸாக இருக்கும் அப்பா முதலில் வேண்டாம் என்பார். பிறகு, போகிற பஸ்ஸெல்லாம் பார்க்க, அம்மா அவருக்கு ஊட்டிவிடுவாள். ஒரு ஞாயிறு கார் நிற்காமல் பாலத்தைத் தாண்டிவிட்டது. அன்று அப்பாவைத் தவிர எல்லோருக்கும் ஏமாற்றம்.

"டர்போ வச்சதும் முதல்ல ஸ்ரீரங்கம் போலாம்மா," என்றாள் மகள், பானெட்டை மூடியபடி.

"போலாம்," என்றேன். புளி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனேன்.