மங்கி முதலாளியும் புலி டீலரும்

ஷேர் புரோக்கர் ஆபீஸில் டீலர் வேலை என்பது, அடுத்தவர் சொன்ன ஷேரை அடுத்தவர் காசில் வாங்கிப் போட்டு, விழுந்தால் திட்டை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்வது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக் கழுத்து சுளுக்கிப்போன என் சகாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சகாக்களே, உங்களுக்கெல்லாம் மார்க்கெட்டும் கஸ்டமரும் மட்டும்தான் தொல்லை. எனக்கு சைனா ஜோசியமும் சேர்ந்துகொண்டது.

என் பெயர் கோமதி. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. தபாலில் பி.காம். படித்து, டீலர் பரீட்சை எழுதி பாஸ் பண்ணி, திருப்பூரில் ஈஸ்வரமூர்த்தி சாரின் புரோக்கர் ஆபீஸில் ஒரு சுழல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த நாற்காலி போய்விடக் கூடாதே என்பதுதான் இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் என் ஒரே கவலை.

தவளை வந்த விதம்

முதலாளிக்கு ஷேர் ஆபீஸ் சைடு பிசினஸ்தான். மெயின் வரும்படி நிட்டிங் கம்பெனியில். புது மெஷின் பார்க்கிறேன் என்று 2007 தொடக்கத்தில் சைனா போனார். விலை ஒத்துவரவில்லை. சும்மா வருவாரா மனுஷன்? வாயில் காசு கவ்விய மூன்று கால் தவளை ஒன்று, சிரிக்கிற புத்தர் ஒன்று, ராசி மிருகங்கள் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். தவளை என் கம்ப்யூட்டர் மேல் ஏறிக்கொண்டது. அது உள்பக்கம்தான் பார்க்கணும், வாசலைப் பார்த்தால் பணம் வெளியே போய்விடும். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அடர் சிவப்பு பெயிண்ட் அடித்தார். ராசியான கலராம்.

சைனா கணக்கில் அது பன்றி வருஷம். பன்றி தண்ணீர் ராசி, அதனால் கப்பல் கம்பெனி ஷேர் வாங்கலாம் என்பார் முதலாளி. எலாஸ்டிக் கம்பெனி வைத்திருந்த பொன்னுச்சாமி ஐயா எங்கள் பழைய கஸ்டமர். "அப்ப பம்புசெட் கம்பெனியுங்க?" என்பார். அதையும் வாங்குவோம். அந்த வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கினாலும் ஏறியது. பெயர் முழுக்கத் தவளைக்குப் போனது. ஒருநாள் மட்டும் நன்றாக இறங்கிவிட்டது. பார்த்தால், காலையில் ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற அம்மா தவளையை வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். பொன்னுச்சாமி ஐயா அதை பயபக்தியாக உள்பக்கம் திருப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க மார்க்கெட்டைப் பாக்காட்டிப் போகுதுங்க அம்மிணி, இதை மட்டும் பாத்துக்குங்க."

யார் என்ன மிருகம்

பிறந்த வருஷத்தை வைத்துத்தான் மிருகம். புத்தகத்தைப் பார்த்து முதலாளி எல்லாருக்கும் சொன்னார். அவருக்கு வந்தது குரங்கு. அந்த வார்த்தையை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. "நான் மங்கி" என்பார், கம்பீரமாக. நாங்களும் சிரிக்காமல் தலையாட்டக் கற்றுக்கொண்டோம்.

நம்ம ஊரில் பிறந்த தேதி எங்கே சரியாக இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியாரே ஒரு வயசைக் கூட்டி, ஜூன் மாசத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பாதித் திருப்பூர் ஜூனில்தான் பிறந்திருக்கிறது. பொன்னுச்சாமி ஐயா சர்ட்டிபிகேட்படி டிராகன். டிராகனுக்குச் சொன்ன ஷேராகவே பல மாசம் வாங்கினார். பிறகு வீட்டில் விசாரித்தால், நிஜத்தில் அவர் அடுத்த வருஷம் பிறந்தவர், பாம்பு! மனுஷன் அரை நிமிஷம்தான் யோசித்தார். "எதுக்கும் ரெண்டு ராசிக்கும் பாதிப் பாதி வாங்கிப் போட்டுருங்க அம்மிணி, நான் எதுவோ அது ஏறட்டும்."

சேவியர் அண்ணாச்சி நம்ப மாட்டார்

சேவியர் அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அயர்னிங் காண்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்க மாட்டார். தவளையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் சாயங்காலம் தவறாமல் போன் வரும்: "நாளைக்கு என்ன மிருகம்மா?" சைனாக்காரன் நாளுக்கும் ஒரு மிருகம் வைத்திருக்கிறான் இல்லையா, அதற்கு. ஒருநாள் தாங்காமல், உங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே அண்ணாச்சி என்று கேட்டுவிட்டேன். "நம்புததுக்கு இல்லம்மா, சும்மா தெரிஞ்சு வச்சுக்கிடலாம்லா."

செல்வ மூலை

வருஷக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து சைனா வாஸ்து நிபுணர் ஒருவர் வந்தார். கையில் தட்டு அளவுக்கு ஒரு திசைகாட்டி. ஆபீஸைச் சுற்றி வந்து நேராக என் நாற்காலி முன்னால் நின்றார். அதுதான் தென்கிழக்கு, செல்வ மூலையாம். என் பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார். "டைகர்! நீங்க மங்கி. ரெண்டுக்கும் ஜென்மப் பகை. டைகரைக் கொண்டுவந்து செல்வ மூலையில உக்கார வெச்சிருக்கீங்களே!"

இத்தனை நாள் நான் இருந்தும்தானே மார்க்கெட் ஏறியது என்றேன். நான் இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்குமாம். அட கெரகமே! சார், எனக்கும் வாத்தியார்தான் ஒரு வயசு கூட்டிப் போட்டார், எங்கம்மாவைக் கேளுங்கள், நான் நிஜத்தில் முயல் என்று முதலாளியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். முயல் சாது, யார் வம்புக்கும் போகாது என்று அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "நெசமா எப்பப் பொறந்தா என்னங்க அம்மிணி, மார்க்கெட்டுக்கு பான் கார்டுல இருக்கறதுதானுங்க கணக்கு."

லீவு

சைனாவில் புது வருஷம் பிறப்பது பிப்ரவரியில். அடுத்து வருவது எலி வருஷம், மங்கிக்கு எலி ரொம்ப தோஸ்து. அதுவரைக்கும் லீவில் இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளி. அந்த "அப்புறம் பார்க்கலாம்" எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். ஒரு தப்பு ஆர்டர் போட்டதில்லை, ஒருநாள் லேட்டாக வந்ததில்லை. அப்படி ஒரு தப்புக்காக அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வீட்டில் எத்தனை நாள் சும்மா இருப்பது? பழைய கம்பெனிக்கே போனேன். செக்கிங் சூப்பர்வைசர் அக்கா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பாவம், அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "வா கோமதி, உன் எடம் அப்படியேதான் கெடக்கு, நின்னுக்கோ."

சிவப்பு

அந்த ஜனவரியில் மார்க்கெட் விழுந்தது எந்த டீலருக்கும் மறந்திருக்காது. நான் அப்போது டீ டைமில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சேவியர் அண்ணாச்சி போன் பண்ணினார். எல்லாம் போச்சும்மா, விக்கக்கூட முடியல, வாங்க ஆளில்ல என்றார். என் நாற்காலியில் யார் என்று கேட்டேன். முதலாளியே உட்கார்ந்திருக்கிறாராம். பொய் சொல்ல மாட்டேன், முதலில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அண்ணாச்சியின் குரல் நடுங்குவது காதில் விழுந்தது, வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

அங்கே பொன்னுச்சாமி ஐயா கத்துகிறாரா என்று கேட்டேன். கத்தவில்லையாம். விழுந்த ஷேரெல்லாம் சிவப்பு எழுத்தில் ஓடுகிற கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதலாளியிடம் நிதானமாக ஒன்று சொன்னாராம், அதை அண்ணாச்சி அப்படியே சொல்லிக் காட்டினார்: "சிவப்பு ராசின்னு சொன்னீங்களே, இப்பப் பாருங்க, ஸ்கிரீன் பூராவும் ராசிதானுங்க."

புலி திரும்பியது

ரெண்டு நாளில் கஸ்டமரெல்லாம் கூடி முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். புலி உட்கார்ந்திருந்த வரைக்கும் ஏறியது, புலியை விரட்டினீர்கள், விழுந்தது, காவலுக்கு இருந்ததை ஏன் விரட்டினீர்கள் என்று சண்டை. கோயம்புத்தூர் நிபுணரின் செல்போன் சுவிட்ச் ஆஃப். அந்த ஆபீஸிலேயே டீலர் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான் ஒருத்திதான். அதை ஒரு ஆள் சொல்ல வேண்டுமே! இல்லை. புலி வேண்டும், அவ்வளவுதான். முதலாளி போன் பண்ணிக் கூப்பிட்டார். நாற்காலி பழைய இடத்திலேயே இருக்கணும், தவளை என் மேஜையில் இருக்கக் கூடாது என்றேன். ரெண்டுக்கும் சரி என்றார். தவளை இப்போது டாய்லெட் பக்கம் வாட்டர் கேன் மேல் இருக்கிறது.

பிறகு எலி வருஷம் பிறந்தது, மார்க்கெட் இன்னும் விழுந்தது. நான் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பொன்னுச்சாமி ஐயா புதிதாக வருகிறவர்களிடம், "புலி இருக்கறதுனாலதான் இந்தளவோட நிக்குதுங்க" என்று என்னைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். எனக்கே பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் கஸ்டமர் எல்லாரும் போன பிறகு முதலாளியிடம் போய், சார், நான் நிஜத்தில் முயல்தானே, இவர்களிடம் சொல்லிவிடட்டுமா என்றேன். மனுஷன் பதறி எழுந்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து, ரெண்டு கையையும் கூப்பியபடி சொன்னார்: "உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க அம்மிணி, முயல்னு மட்டும் வெளிய சொல்லீராதீங்க."

நான் எழுதி பாஸ் பண்ணின பரீட்சை காப்பாற்றாத நாற்காலியை, ஒண்ணாம் வகுப்பில் என் வயசைத் தப்பாகப் போட்ட வாத்தியார் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார், அவர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.