இலை வைத்த தூண்

வீரராகவன் குடையின் நுனியைத் தூணின் தலை வரை உயர்த்திக் காட்டினார்.

"இந்த இலைக்கொத்தைப் பாருங்க. அடுக்கடுக்கா இலை, மேல சின்னச் சுருள். இது கொரிந்தியன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு முன்னால கட்டின வீடு. சந்தேகமே வேண்டாம்."

"எங்க தாத்தா கட்டினதுங்க" என்றார் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம். அதுவரை அவருக்கும் வருஷம் தெரியாது.

குமணன்சாவடியில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். குடைக்காரர் வீரராகவன், பெண் தாட்சாயிணியின் அப்பா. கூட மனைவி எல்லம்மா, அவள் அண்ணன் முனியன். முனியன் மகன் மனோகரன் அம்பத்தூர் சைக்கிள் கம்பெனியில் ஃபிட்டர். தாட்சாயிணி அவனுக்குத்தான் என்று சிறு வயதிலிருந்தே பேச்சு. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது பேச்சு மாறிவிட்டது. ஆனாலும் தாய்மாமன் வராமல் மாப்பிள்ளை வீடு பார்க்கக்கூடாது. தோற்றவனே கூட வந்து சாட்சி நிற்கவேண்டும் என்பது இவர்கள் வழக்கம்.

வீரராகவன் ஆவடியில் ஒரு பாக்டரி ஆபீஸில் குமாஸ்தா. அறுபத்தெட்டாம் வருஷம் நூலகத்தில் படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது; இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டிடங்களை அடையாளம் பார்த்து இனம் பிரிப்பது பற்றியது. தூண்கள் வரும் பக்கம் வரைக்கும் படித்தார். தலையில் வெறும் தட்டு இருந்தால் டோரிக். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டிருந்தால் அயோனிக். இலை இருந்தால் கொரிந்தியன். மூன்று தூண் படித்துவிட்டுப் பூந்தமல்லி ரோடு முழுக்க மார்க் போட்டுக்கொண்டு போனார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் தோளைத் தட்டி, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, "டோரிக்" என்பார். அடுத்த ஸ்டாப்பில் அந்த ஆள் வேறு சீட்டுக்கு மாறிவிடுவார்.

மனிதர்களையும் அப்படியே பிரித்தார். பருத்திப்பட்டில் முனியன் வீடு ஓட்டு வீடு, பனங்கட்டைத் தூண். "அதுக்குப் பேரே கிடையாது" என்றார். பேரில்லாத தூண் உள்ள வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று முடிவானது இப்படித்தான்.

"இன்னா மச்சான், மாப்ள இன்னா வேலை பார்க்கறாருன்னு இன்னும் கேக்கலியே" என்றான் முனியன். "பொண்ண தூணுக்கா கட்டிக் குடுக்கப் போற?"

"தூணப் பார்த்தாலே குடும்பம் தெரிஞ்சுடும். உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"எனக்கு ஊடு ஒழுவுதா இல்லியான்னு தெரியும்."

மாப்பிள்ளை முகம் நிறையப் பவுடரோடு கதவருகே வந்து நின்றான். நல்ல வேலையாகத் தேடிக்கொண்டிருப்பதாக ஜம்புலிங்கம் சொன்னார். பிறகு காபி கொண்டுவர மகனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வீரராகவன் சுருளைக் காட்டக் குடையை மறுபடி தூக்கினார். நுனி இலைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். ஒரு இலை பெயர்ந்து எல்லம்மாவின் காலடியில் விழுந்து இரண்டாக உடைந்தது. உள்ளே வெள்ளை மாவு, தேங்காய் நார். பெயர்ந்த இடத்தில் மூங்கில் தப்பை தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

அந்த மாவு என்னவென்று மூன்று பேருக்குமே தெரியும். வடபழனி சினிமா ஸ்டூடியோக்களில் அரண்மனை செட்டைப் பிரித்த பிறகு இந்த மாதிரி மாவுத் தூண்களை லாரியில் கொண்டுவந்து விற்பார்கள்.

"தாத்தா கட்டினாராம்" என்றான் முனியன். "தாத்தா எந்தப் படத்துல ராஜா வேசம் போட்டாரு மச்சான்?"

எல்லம்மா சிரிக்கவில்லை. "வாங்க, போயிடலாம். வாசல்லயே பொய் சொல்லிக்கினு கீறாங்க. பொண்ணு வாழப்போற எடம்."

வீரராகவனுக்கும் புரிந்தது. அவர் முட்டாள் இல்லை, அதைவிட மட்டம். ஜம்புலிங்கம் சொன்னது பொய் என்றால் தான் சொன்னதும் பொய். அதைப் பனங்கட்டைத் தூண்காரன் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கினார். கைக்குட்டையில் சுற்றி ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரிப்பேர் பார்த்திருக்காங்க. பழைய வீடுன்னா பார்க்கத்தான் செய்வாங்க."

ஜம்புலிங்கம் காபியோடு வந்தார். தூணைப் பார்த்தார். பிறகு வீரராகவனைப் பார்த்தார்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றார் வீரராகவன். "தையில வெச்சுக்கலாம்."

முனியன் காபியைத் தொடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வீரராகவன் ஆபீஸ் போனார். போகிற வழியில் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தார். எல்லம்மா காலையில் பருத்திப்பட்டுக்குப் போய் அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு மத்தியானம் திரும்பினாள். மனோகரன் ஷிப்டுக்குப் போயிருந்தான். குமணன்சாவடியிலிருந்து ஓர் ஆள் வந்து பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு போனான். தாட்சாயிணியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் அப்பாவின் ஜிப்பாவைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்த கைக்குட்டையை உதறியபோது நொறுங்கிய மாவும் நாரும் கொட்டின. அதைப் பெருக்கித் தள்ளினாள். ஜிப்பாவைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.