பெரிய அத்தானின் பெயர் மேலே போனது

ஐம்பதை நெருங்குகிற ஆண்களில் சிலர் நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள். சிலர் மாலை போட்டு மலைக்குப் போகிறார்கள். நான் கம்ப்யூட்டரில் எழுத்துகளை ஆட்டக் கற்றுக்கொண்டேன்.

வீடியோ எடிட்டிங் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் வெட்டுவதும் ஒட்டுவதும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. படத்தின் மேல் வருகிற டைட்டில் மட்டும்தான் வசப்பட்டது. இந்த விநாடியில் எழுத்து இங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புள்ளி குத்த வேண்டும். அந்த விநாடியில் அங்கே என்று இன்னொரு புள்ளி. கீஃப்ரேம் என்பார்கள். இடையில் உள்ள தூரத்தை எழுத்து தானாகவே கடந்துகொள்ளும். ஒரு கோப்பை இந்த மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்த இருபத்துநாலு வருஷமாகப் பாடுபடும் குமாஸ்தாவுக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

ஒரே சங்கடம், அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தெழுத்தாக வா என்றால், 'தெ'வில் தகரம் முதலில் வந்து நிற்கும். கொம்பு பிறகு எங்கிருந்தோ பறந்து வந்து அதற்கு முன்னால் உட்காரும், துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடித்தவனைப் போல. ஆகவே ஒரு பெயரை ஆட்டுவதென்றால் முழுப் பெயரையும் சேர்த்துத் தூக்கித்தான் ஆட்ட வேண்டும் என்று கண்டுகொண்டேன். இந்த ஞானம் பின்னால் வினையாயிற்று.

என் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி முழுக்க எந்த வீட்டிலும் மேளம் கொட்டாது, ஞாயிறெல்லாம் சும்மா கிடக்கும் என்பதால், வாட்ஸாப்பில் அனுப்ப ஒரு வீடியோ அழைப்பிதழ் செய்து தருகிறேன் என்று வாய் கொடுத்தேன். தாய்மாமன் சீராக இருக்கட்டும் என்றேன். "சீர்னா பவுன்ல செய்வாவ. நீ பவுன் கலர்ல செய்யப் போறியாக்கும்" என்றாள் அக்கா.

இங்கே குடும்ப விவகாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு, ஒரே ஓர் அண்ணன். பெரிய அத்தான். இலஞ்சியில் தென்னந்தோப்பு. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தவர் அவர்தான். ஆறு வருஷம் முன்னால் அக்கா தென்காசியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அழைப்பிதழில் என் அப்பா பெயர் முதல் வரியிலும் பெரிய அத்தான் பெயர் இரண்டாம் வரியிலும் அச்சாகிவிட்டது. அச்சகத்துக்காரன் செய்த காரியம். ஆனால் பெரிய அத்தான் பால் காய்ச்சுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தினமும் காலையில் அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான் மொபெட்டில் மார்க்கெட்டுக்குப் போவார். கழுத்து இந்தப் பக்கம் திரும்பாது. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அத்தான் பேப்பரை மடியில் வைத்துவிடுவார். சத்தம் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி எடுப்பார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒரு செய்தியும் ஒரே மூச்சில் படிக்கப்பட்டதில்லை.

கல்யாணப் பெண் சொல்லிவிட்டாள்: "பெரியப்பா வந்து நிக்காம நான் மணவறைல ஏற மாட்டேன்." அக்கா மூன்று தடவை இலஞ்சிக்கு நடந்தாள். நாலாவது தடவை, பத்திரிகையில் தன் பெயர்தான் முதல் என்றால் வருகிறேன் என்று அவர் இறங்கி வந்தார். பத்திரிகை அப்படியே அடித்தாயிற்று. எல்லாம் சுபம். அந்த நேரம் பார்த்துத்தான் நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

குற்றாலத்தில் சீசன். சாரல் ஜன்னல் வழியே வந்து விசைப்பலகையை நனைக்கிறது. எனக்கு வேறென்ன தோன்றும்? பெயர்கள் ஒவ்வொன்றும் அருவி மாதிரி உச்சியிலிருந்து கொட்டி, கீழே தெறித்து, புகையாகிக் கலைய வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைத்தேன். அக்காவிடம் காட்டினேன்.

"என்னலே இது, பேரு பூரா கீழ விழுது!"

"அருவிக்கா, அருவி."

"அருவி விழட்டும். கல்யாண வீட்டுல மனுசன் பேரு விழலாமா? அதும் மொதப் பேரு. மாத்துலே."

கல்யாணப் பெண் சென்னையிலிருந்து போனில் பார்த்துவிட்டு, "மாமா, இது கல்யாண அழைப்பா, வானிலை அறிக்கையா?" என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையை யார் திருப்பித் தருவார்கள்? நான் ஒரு யுக்தி செய்தேன். அசைவைத் தலைகீழாக ஓடவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினேன். இப்போது கீழே பரவிய புகையிலிருந்து பெயர் திரண்டு வரும், சற்று நிற்கும், பிறகு மெல்ல மெல்ல மேலே எழும்பும். உச்சியில் ஓர் ஒளிவட்டம் வைத்து அதில் கரைய விட்டேன். விழவில்லை அல்லவா! பெரிய அத்தானுக்குக் கூடுதல் மரியாதையாக இருக்கட்டுமென்று அவர் பெயருக்கு மட்டும் மேலே ஒரு போட்டோவும் சேர்த்தேன், தங்க வளையத்துக்குள். பின்னணியில் புல்லாங்குழல். நாதஸ்வரம் நான்காவது பெயரிலிருந்து வரட்டும், ஒரு விறுவிறுப்பு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் காட்டாமல் காலை எட்டு மணிக்குக் குடும்பக் குழுவில் போட்டேன்.

முதலில் இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. மூன்றாவதாகச் சுரண்டையிலிருந்து ஒரு சித்தப்பா. அவர் கடையில் வியாபாரத்துக்கு நடுவே சத்தம் வைக்காமல் முதல் பத்து விநாடி மட்டும் பார்த்திருக்கிறார். கும்பிடும் கைகள் இரண்டு, கீழே "ஆழ்ந்த இரங்கல்". அதைப் பார்த்து இன்னொருவர், அதைப் பார்த்து வேறொருவர். துக்கம் விசாரிப்பதில் எங்கள் சொந்தக்காரர்களை மிஞ்ச முடியாது; பிந்திவிடக் கூடாது என்ற பதற்றம். துபாயிலிருந்து ஒரு மருமகன் டிக்கெட் விசாரிக்கிறேன் என்று எழுதினான்.

நான் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். போட்டோ, பெயர், புகை, புல்லாங்குழல், ஒளியை நோக்கிய பயணம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தினம் ஒன்று ஒட்டுகிறார்களே, அதற்கு நான் அசைவு கொடுத்திருந்தேன்.

இதற்குள் ஒருவர் இலஞ்சிக்கே போன் செய்துவிட்டார். பிற்பாடு பெரிய அத்தான் வாயாலேயே கேட்டது இது. "அண்ணாச்சிக்கு எப்ப ஆச்சு?" என்று அந்தப் பக்கம் குரல் தழுதழுத்திருக்கிறது. "எந்த அண்ணாச்சிக்கு?" என்றிருக்கிறார் இவர். சொல்லியிருக்கிறார்கள். "அது நாந்தான் பேசுதேன்" என்றதும் போன் கட்டாகிவிட்டதாம்.

அக்கா வந்தாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்த மனுசன வரவைக்க நான் ஆறு வருசம் பாடுபட்டேன். நீ ஆறு செகண்டுல அனுப்பி வச்சிட்டியேலே" என்றாள். அன்று காலை மொபெட் சத்தம் வரவில்லை. பேப்பர் பிரிக்கப்படாமல் அத்தான் மடியிலேயே கிடந்தது.

லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றி, சாரலில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். துணைக்கு வா என்றதற்கு அக்கா, "செஞ்சவன் போ" என்றுவிட்டாள். வழியெல்லாம் மன்னிப்பு வாசகங்களைச் செதுக்கினேன். படித்தவன் அல்லவா, அவற்றில் எதுகை கூட இருந்தது.

பெரிய அத்தான் முன் அறையில் உட்கார்ந்து தேங்காய்க் கணக்குப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாரும் மாப்ளே. காரியம் என்னிக்கு வச்சிருக்கியோ?" என்றார்.

எதுகை எல்லாம் சாரலோடு போயிற்று.

"இல்ல அத்தான், வந்து..."

"பதினாறுக்காவது நல்ல சாப்பாடாப் போடச் சொல்லும். நானும் வாரேன்."

உள்ளே அவர் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். காபி வந்தது. அவர் கோபத்தின் எடையைக் கணிக்க முடியாமல் நான் லேப்டாப்பைப் பிரித்தேன். இப்பவே மாற்றிவிடுகிறேன், எப்படி வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

பக்கவாட்டிலிருந்து பெயரை ஓடி வரச் செய்தேன். "ஓடுத பஸ்ஸுல ஏறுதவன் மாதிரி இருக்கு." துள்ள வைத்தேன். "கிறுக்கு புடிச்சிருக்கா எனக்கு?" சுழல விட்டேன். "தலை சுத்துது, மாத்திரை போட்டுட்டுத்தான் பாக்கணும்." தட்டச்சு செய்வது போல் டக் டக்கென்று வரவைத்தேன், கொம்பு வழக்கம்போல் பிந்தி வந்தது. "போலீஸ் ஸ்டேசன்ல எழுதி வாங்குத மாதிரில்லா இருக்கு! நான் என்ன வே குத்தம் செஞ்சேன்?"

எனக்குத் தெரிந்த வித்தை தீர்ந்தது. "அப்ப எப்படித்தான் அத்தான் வரணும்?"

"வரவேண்டாம் வே. நிக்கட்டும். தெறந்தா அங்கன பேரு இருக்கணும். அவ்வளவுதான். நான் வாழ்க்கைல ஆடியா நின்னேன்?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பின் கீஃப்ரேம்களை ஒவ்வொன்றாக அழித்தேன். பெயர் அசையாமல் நின்றது. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி பேரு எப்ப வருது?"

"உங்களுக்கு அப்புறம் நாலு செகண்டு கழிச்சு."

"அது வரைக்கும் நான் ஒத்தையிலயா நிக்கணும்?"

வெளியே சாரல் கொஞ்சம் பலத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டார்.

"ரெண்டையும் சேத்துப் போடும்."

"கீழ வரியிலயா?"

"கீழ வைக்கிறதுக்கா அவனப் படிக்க வச்சேன்? பக்கத்துல போடும்."

போட்டேன். ஒரே வரியில் இரண்டு பெயர்கள். அவர் விரலால் திரையைத் தொட்டு, இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் எழுத்து மட்டும் ஒரு நூல் பெருசா இருக்கட்டும். யாருக்கும் தெரியக் கூடாது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். எழுத்தளவில் இரண்டு புள்ளி கூட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார். மூன்றாவதாக என் அப்பா பெயர் வந்தபோது ஒரு சின்ன உறுமல். அவ்வளவோடு ஆறு வருஷத்தைத் தாண்டினோம்.

கடைசியில், நான் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்த ஒன்றைக் கவனித்துவிட்டார்.

"இது யாரு வே, இம்புட்டு ஜிகினாவோட?"

டைட்டில் அமைப்பு, தாய்மாமன் என்று என் பெயர். நட்சத்திரங்கள், மின்னல், எல்லாம் போட்டிருந்தேன்.

"அது... நான்தான் அத்தான்."

"மொதல்ல என்னமோ அருவி செஞ்சியளாமே, உங்க அக்கா போன்ல சொன்னா. அது இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உம்ம பேரு விழட்டும். உமக்கென்ன, தோசமில்ல."

மறுநாள் காலை அக்கா வீட்டில் இருந்தேன். தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. அத்தான் பேப்பரை மடியில் வைத்தார். சத்தம் நெருங்கி வந்தது, தாண்டிப் போகவில்லை. வாசலிலேயே அணைந்தது.

"ஏலே, உயிரோடதான் வந்திருக்கேன். கதவத் தெற" என்று குரல் வந்தது. அத்தான் எழுந்த வேகத்தில் பேப்பர் நாலாபக்கமும் பறந்தது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் பெரிய திரை கட்டி அந்த வீடியோவை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் பெயரும் தம்பி பெயரும் ஒரே வரியில் இம்மியும் அசையாமல் நின்றன. அண்ணன் பெயருக்குச் சொந்தக்காரரோ அன்று ஓர் இடத்தில் நிற்கவில்லை. மணவறைக்கும் பந்திக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். துக்கம் விசாரித்த சுரண்டைச் சித்தப்பாவைப் பிடித்து உட்கார வைத்து, "செத்தவன் கையால சாப்பிடுதீரு, ரெண்டாந்தரம் பாயாசம் வாங்கும்" என்று தானே வாளியோடு நின்றார்.

ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் என் பெயர் உச்சியிலிருந்து கொட்டித் தெறித்துப் புகையாகிக் கலைந்தது. பிள்ளைகள் அதற்கு மட்டும் கை தட்டினார்கள்.