நாலாவது தட்டுக்கு முன்னால்

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிப்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். இரண்டு முனைகளை அலமாரிக் கதவின் இடுக்கில் வைத்து அழுத்தி மூடிவிடுவாள். மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு அறையின் மறுகோடிவரை போய் விறைப்பாக இழுத்து, ஒன்றாகச் சேர்த்து, அலமாரியை நோக்கி நடந்து வருவாள். கதவு நன்றாகத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓர் அடிகூட எதிரே வராது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக விரிப்பு மடிக்கிறவள் அவள். அங்கே இது இரண்டு பேர் வேலை. இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வழிந்து வரும் துணியை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து, முனைகளைக் கைமாற்றிவிட்டுப் பின்னால் நகர வேண்டும். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் யாரும் பேசுவதில்லை. புருவத்தைத் தூக்கினால் 'போதுமா' என்று அர்த்தம், தலையைச் சாய்த்தால் 'டீ'.

வீட்டிலும் ஏறக்குறைய அதே பாஷைதான். கணவர் முப்பது வருடம் டைல்ஸ் ஒட்டியவர். அறுக்கிற மெஷின் கல்லோடு சேர்த்து அவர் காதையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிட்டது. காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று. "உள்ள கரப்பான்பூச்சி ஓடற மாதிரி இருக்கு" என்று, வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி ஒரு பழைய சோப்பு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். வெளியே கிளம்பும்போதுதான் மறுபடி மாட்டிக்கொள்வார். ஊரார் பேச்சைக் கேட்கக் காது உண்டு, வீட்டுப் பேச்சுக்கு இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். ஒரு விரிப்புக்காக அவ்வளவு தூரம் போவதைவிட அலமாரிக் கதவே மேல் என்று எப்போதோ அவளுக்கு ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மூன்று விரிப்புகள் துவைத்திருந்தாள். இரண்டை மடித்து வைத்தாள். மூன்றாவது பால்கனிக் கொடியில் இன்னும் ஈரமாக இருந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டாள். கச்சேரி நாலு மணிக்கு.

கச்சேரி என்றால் பாடகர் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற கச்சேரி அல்ல. பங்க் ராக். மூன்றே கருவிகள், மூன்றே நிமிடப் பாட்டு, பாட்டு முழுக்கக் கோபம். குழுவின் பெயர் 'பழுது'. டிரம்ஸ் வாசிப்பவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ லிஃப்ட்டில் தொங்கிய 'பழுது' பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, இதையே பெயராக வைத்துக்கொள்ளலாம் என்றாராம். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவளுடைய அண்ணன் அந்தக் குழுவோடு திரிந்தான். வாசிக்கத் தெரியாது, ஒயர் சுற்றுவான். "நானும் வர்றேன்" என்று இவளும் ஒட்டிக்கொள்வாள்.

அவர்களுடைய ஒரே கேசட் ஒரு லேத் பட்டறையில் பதிவானது. ஞாயிற்றுக்கிழமை மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். ஒரு மைக், ஒரு ரெக்கார்டர், எங்கும் கிரீஸ் வாடை. கடைசிப் பாட்டில் பாடகர் "வரிசையில நில்லு, வாயை மூடு" என்பார். டிரம்ஸ் நாலு தட்டு தட்டும். நாலு முடிந்ததும் சுற்றி நிற்கிற ஆறு பேர் "மாட்டோம்!" என்று கத்த வேண்டும். ஆறில் ஐந்து பேர் ஆண்கள். அவள் ஆறாவது.

மூன்றாவது தட்டிலேயே அவள் கத்திவிட்டாள். தனியாக, உச்சக் குரலில். மற்ற ஐந்து பேரும் அதிர்ந்துபோய் அவள் பின்னாலேயே இழுபட்டு வந்தார்கள். மறுபடி எடுக்கலாம் என்பதற்குள் முதலாளி சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். "இருக்கட்டும்டா, பழுதுன்னுதானே பேரு" என்று பாடகர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. வழி முழுக்க "அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை" என்று திட்டிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் தட்டில் கரண்டியால் தட்டிப் பாடம் நடத்தினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப கத்து! மூணுல வாயத் தொறந்தே, பல்லு இருக்காது." அன்றிலிருந்து அவனுக்கு அவள் குடுக்கைதான். அவளும் விடாமல் பழகினாள். கல்யாணமாகி வந்த பிறகும், பாத்திரம் தேய்க்கும்போது அவள் வாய் தானாக நாலுவரை எண்ணும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அந்தக் கேசட்டைக் கணவருக்குப் போட்டுக்காட்டினாள்.

"என்னது, பாத்திரக் கடை இடிஞ்சு விழுந்த மாதிரி இருக்கு!" என்றார் அவர். பிறகு, "யாரு இந்தக் கத்தற பொண்ணு? யாராச்சும் காலை மிதிச்சுட்டாங்களா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். அது நான்தான் என்று சொல்லவில்லை. புதுப்பெண், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அந்த 'அப்புறம்' வந்து சேர்ந்தபோது அவர் காது போயிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணனும் போய்ச் சேர்ந்தான். அவனோடு குடுக்கையும் போயிற்று. பஸ் நிறுத்தத்துச் சுவரில் மூன்று கிழவர்களின் படத்தோடு 'பழுது' என்று போட்ட சுவரொட்டியைப் பார்த்தபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கேசட்டில் கத்தியது நீதானே என்று ஒருவராவது சொல்ல வேண்டும். கைதட்டல் வேண்டாம், மேடைக்குக் கூப்பிட வேண்டாம். நீதானே என்றால் போதும்.

வியாழக்கிழமை, கணவர் காதில் மெஷினோடு வெளியே கிளம்பும் நேரம் பார்த்துக் கேட்டாள்.

"சனிக்கிழமை ஒரு கச்சேரிங்க. அண்ணனோட பழைய சிநேகிதங்க. வர்றீங்களா? ரொம்பச் சத்தமா இருக்கும்."

"சத்தமா? எனக்கா?" அவருக்கே சிரிப்பு வந்தது. "எனக்குப் பாதிதான் கேக்கும். டிக்கெட்டும் பாதின்னா சொல்லு, வர்றேன்."

"விளையாடாதீங்க."

"நீ போயிட்டு வாம்மா. பஞ்சு எடுத்துட்டுப் போ. உன் காதாவது மிஞ்சட்டும்."

இடம் ஒரு சமூகக்கூடம். மற்ற நாட்களில் இறகுப்பந்து ஆடுவார்கள். தரையில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப்பேர் அவள் வயது, தொப்பைக்கு மேல் பழைய கறுப்புச் சட்டை ஏறாமல் நின்றது. மீதிப்பேர் அவள் மகன் வயதுகூட இல்லை. முட்டிவலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் யாரோடாவது வந்திருந்தார்கள். அவள் கைப்பையை அணைத்துக்கொண்டு, வலை கட்டுகிற இரும்புத் தூணோரம் போய் நின்றாள்.

மூவரும் மேடைக்கு வந்தார்கள். பாடகருக்கு அந்தக் காலத்தில் மொட்டை என்று பெயர், வாராவாரம் மழித்துக்கொள்வார். இப்போது அந்தச் செலவு மிச்சம். "மெதுவா ஆடுங்கப்பா, ஆம்புலன்ஸ்ல ஒரு ஆளுக்குத்தான் இடம்" என்றார். அடுத்த நொடி கூரைத் தகரம் அதிர்ந்தது.

முன்னால் கூட்டம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுழன்றது. வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒருவர் கீழே விழுந்தால் நாலு கைகள் தூக்கிவிட்டன. ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடி காணாமல் போயிற்று. சுற்றியிருந்தவர்கள் அப்படியே நின்று குனிந்து தேடினார்கள். யாரோ எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்க, அது கைமாறிக் கைமாறி உரியவர் மூக்குக்கே வந்து சேர்ந்தது. அப்போதும் இப்படித்தான். ஒரு முறை அவளுடைய ஒற்றைச் செருப்பு இப்படி ஊர்வலமாக வந்தது. அண்ணன்தான் எட்டி வாங்கினான்.

கடைசிப் பாட்டு. அவள் தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"வரிசையில நில்லு, வாயை மூடு!"

ஒன்று. இரண்டு. மூன்று.

"மாட்டோம்!"

கூடமே கத்தியது. இருநூறு தொண்டைகளும் மூன்றாவது தட்டில், அவள் கத்திய அதே இடத்தில். டிரம்ஸ்காரர்கூட நாலாவது தட்டைத் தட்டவில்லை. அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டுக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் நாலு எண்ணிப் பழகியவள். எண்ணி முடித்தாள். கூட்டம் அடங்கிய அந்த இடைவெளியில், சரியான இடத்தில், தன்னந்தனியாக அவள் குரல் எழுந்தது.

"மாட்டோம்!"

முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் காதில் வரிசையாக வளையம் மாட்டியிருந்த ஒரு பெண் அவள் தோளைத் தட்டினாள்.

"ஆன்டி, ஃபர்ஸ்ட் டைமா?"

"இல்ல... ஆமா."

"மூணுலயே கத்திடணும் ஆன்டி. நாலு வரைக்கும் வெயிட் பண்ணக்கூடாது. இந்தப் பாட்டே அப்படித்தான்."

"யாரும்மா அப்படி வெச்சது?"

"யாருன்னு தெரியல. கேசட்லயே அப்படித்தானே இருக்கு! அடுத்த தடவை என்னைப் பாத்துட்டே கத்துங்க, சொல்லித் தர்றேன்."

பாட்டில் அந்த வரி அடுத்த முறை வந்தபோது அந்தப் பெண் விரலால் மூன்று காட்டினாள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கச்சேரி முடிந்தபின் வாசல் பக்கம் மேசை போட்டு டிரம்ஸ்காரரே சட்டை விற்றுக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஐஸ் பொட்டலம். வரிசை கரையும்வரை அவள் காத்திருந்தாள்.

"என்ன சைஸ்க்கா?"

"சட்டை வேணாம். அந்தக் கடைசிப் பாட்டுல, கேசட்ல, முந்திக் கத்துற குரல்..."

"ஆமா?"

"அது நான்."

டிரம்ஸ்காரர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், கேலி இல்லை. "உங்களோட அஞ்சு பேராச்சுக்கா. போன மாசம் ஒருத்தர் வந்தார். இம்மாம் பெரிய மீசை. அது என் குரல்தான்னு சத்தியம் பண்றார். ஏங்க, அது பொண்ணு குரலாச்சேன்னேன். அப்ப எனக்குக் குரல் உடையலங்கறார்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம்னேன். எல்லார்கிட்டயும் ஆமான்னுதான் சொல்றது. என்ன கொறஞ்சுபோச்சு?" ஐஸைத் திருப்பி வைத்துக்கொண்டார். "கூட ஒரு பொண்ணு நின்னுச்சு, அது ஞாபகம் இருக்கு. யாரோ ஒருத்தனோட தங்கச்சி. சின்னப் பொண்ணு. ஏதோ பட்டப்பேர்கூட சொல்லிக் கூப்பிடுவான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் பார்த்தார். நரைத்த தலை, கைப்பை, சலவைக்கூடத்து நீராவியில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள். பின்னால் யாரோ "எக்ஸ்எல் இருக்கா சார்?" என்றார்கள்.

"நீங்கதானா அது? சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் எக்ஸ்எல் தேடக் குனிந்தார்.

குடுக்கை என்று அவளே எடுத்துக்கொடுத்திருக்கலாம். தானே சொல்லித் தானே கேட்டுக்கொள்வதற்கு அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

வீடு வந்தபோது மணி ஏழு. கூடத்தில் டிவி ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு டப்பா ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றி, பால்கனிக்குப் போய் மூன்றாவது விரிப்பை உருவிக்கொண்டு படுக்கையறைக்கு வந்தாள். இரண்டு முனைகளை அலமாரிக் கதவில் வைக்கப்போனபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவற்றை வாங்கிக்கொண்டது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் கணவர், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

அவள் தலையை ஆட்டினாள். இருவரும் ஆளுக்கொரு கோடிக்கு நகர்ந்து உதறினார்கள். எதிரே நடந்து வந்தார்கள். அவருக்கு மடிக்கத் தெரியாது. அவள் கையையே பார்த்துப் பார்த்துச் செய்தார்.

"யாரு இந்தக் கத்தற பொண்ணுன்னு ஒரு தடவை கேட்டீங்க" என்றாள் அவள், அவர் கையில் முனைகளை மாற்றிக்கொடுத்தபடி. அவர் கண் துணியில் இருந்தது. கீழே தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்து நீட்டினார்.

"அது நான்தாங்க."

அவர் தன் பக்கத்து முனைகளை அவள் கையில் ஒப்படைத்தார், வேலை முடிந்துவிட்ட திருப்தியோடு.

"கேக்குதா உங்களுக்கு?"

அவள் மடித்து முடித்த விரிப்பை வாங்கி அவர் கட்டிலில் வைத்து, டைல்ஸ் ஒட்டிய பிறகு செய்வதுபோல, மேலே உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது போலும். பிறகு டீ போடுவதற்காக அறையை விட்டு வெளியே போனார்.