காற்றைக் காசு கொடுத்து வாங்கியவன்

டெக்சாஸில் கரண்ட் விற்க ஆள் வீட்டு வாசலுக்கே வருவார். ஊரில் மின்வாரியம் மாமனார் மாதிரி. பிடிக்காவிட்டாலும் மாற்ற முடியாது. இங்கே கத்தரிக்காய் பொறுக்குவது போல் கம்பெனியைப் பொறுக்கலாம். 2008 கோடையில், நாங்கள் குடியிருக்கும் கேட்டி என்ற ஊரில், எங்கள் கதவைத் தட்டியவர், “முழுக்கக் காற்றாலை மின்சாரம்” என்றார். காற்று வீசாத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் பணகுடிக்காரன். ஊரில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் சுற்றிலும் காற்றாலை சுழலும். வீட்டுக்குள் ஃபேன் சுழலாது. காற்றாலைக் கரண்டில் ஃபேன் சுழலும் யோகம் கடல் கடந்தாவது வாய்க்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

எண்ணெய்க் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு காற்றுக்கு மாறியவன் தெருவிலேயே நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டு டேல் செய்தி கேட்டு, காற்றாடி எங்கே என்று என் கூரையை அண்ணாந்து பார்த்தார். அதே கம்பி, அதே கரண்ட், கணக்கில்தான் காற்று என்று விளக்கினேன். அப்படியானால் என்ன மாறியது என்று கேட்டார். “கரெக்ட்டா கேக்கறார். மாறினது உங்க பந்தா மட்டும்தான்” என்றாள் என் மனைவி ரேவதி.

செப்டம்பரில் புயல் அடித்தது. காசு கொடுத்து வாங்கிய காற்றே வந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கம்பெனிக்குப் போன் போட்டேன். கம்பம் வேறொருவருடையது, காற்று மட்டுமே தங்களுடையது என்றார்கள். என் பொறுமைக்கு நன்றியும் சொன்னார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு, திரும்பிப் போகும்வரை வேண்டிய இன்சுலின் மொத்தமும் ஃபிரிட்ஜில் இருந்தது. இங்கே வாங்கினால் யானை விலை; விசிட்டர் இன்சூரன்ஸ் பழைய வியாதியைத் தொடாது. கடைகளில் ஐஸ் இல்லை.

டேல் வீட்டுப் பின்பக்கம் பெட்ரோல் ஜெனரேட்டர் உறுமியது. அவரிடம் போய்க் கேட்க எனக்கு வெட்கம். அம்மா மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலியருகே போய், “இது கெட்டுப் போயிரும்யா” என்று நீட்டினாள். போன வாரம் கொடுத்த வடை ஞாபகத்தில் டேல், “நோ தேங்க்ஸ், மேம்” என்று வயிற்றைத் தடவினார். பிறகு பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தவர் ஓடிப்போய் ஒரு நீள ஒயரைக் கொண்டுவந்து வேலிக்கு இந்தப் பக்கம் வீசினார். எங்கள் ஃபிரிட்ஜ் மறுபடி முனகியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம், ஊரில் விடிகிற நேரம், பணகுடியிலிருந்து தம்பி கூப்பிட்டான். அட்டையால் விசிறிக்கொண்டிருந்த அம்மா போனை எடுத்து, “உங்க அண்ணன் ஊர்ல கரண்டு போவுமால?” என்று அதட்டிவிட்டு என்னிடம் தந்தாள்.

“இங்க இப்பத்தான் போச்சுண்ணே. விடியலயே வேத்து ஊத்துது” என்றான் தம்பி.

கழுத்தைத் துண்டால் துடைத்தபடி, “இங்க குளிருதுடே” என்றேன்.